எச்-1பி வேலையும் கனடா பிஆரும்: எதை முதலில் செய்வது?

எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை செய்துகொண்டே கனடாவின் நிரந்தரக் குடியிருப்பு உரிமையை, அதாவது எல்லோரும் சொல்லும் பிஆரைப் பெறலாமா, பெற்றால் அடுத்த விசா புதுப்பிப்புக்கு அது தடையாகுமா என்று மிச்சிகனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல கேட்டிருக்கின்றன. பெறலாம், தடையாகாது என்பதே விடை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை முடித்தபின் எதைத் தொடுவது என்ற வரிசை பிசகினால், சட்டம் அனுமதிக்கும் காரியமே ஒரு குடும்பத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடக்கூடும். 2022 முதல் இவ்விரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்து வந்தவர்கள் நாங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்போருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஒவ்வொருவர் கோப்பும் வேறு. ஆகவே இறுதி முடிவை உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

நான் 2017 அக்டோபரில் எச்-1பி நிலைக்கு வந்தேன். அந்த நிலை மொத்தம் 6 ஆண்டுகளுக்குத்தான். எனினும் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் தன் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிக்கு முறை வராமல் காத்திருப்பவருக்கு அதற்குப் பிறகும் 3 ஆண்டுகள் வரை நீட்டிப்புக் கிடைக்கும். எனக்கு ஐ-140 ஒப்புதலாகியிருந்தது. ஆனால் வேலைவாய்ப்புவழி கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாக ஒதுக்கப்படுவதில்லை என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீண்டது. கனடாவின் குடியுரிமையே பெற்றாலும் இது மாறாது, ஏனெனில் பார்க்கப்படுவது பாஸ்போர்ட் அன்று, பிறந்த நாடு. (கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் சேரலாம் என்பது அறிந்துவைக்க வேண்டிய விலக்கு.) எங்கள் மகள் சென்னையில் பிறந்தவள். அவள் 21 வயதைக் கடக்கும்போதும் என் வரிசை நகராமல் இருந்தால், வளர்ந்த ஊரிலேயே அவள் தனக்கென்று ஒரு விசா தேட வேண்டியிருக்கும். வேலை போய்விட்டால் எச்-1பி நிலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள் என்பதும் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. 2022 ஜூலையில், திறன்மிக்க பணியாளர்களை மதிப்பெண் அடிப்படையில் பிஆருக்குத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பொதுத் தெரிவுகள் மீண்டும் தொடங்கியதும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது சட்ட நிலைதான். அமெரிக்காவின் தற்காலிக விசாக்கள் பலவற்றில், விண்ணப்பிப்பவர் அங்கேயே குடியேற எண்ணுகிறார் என்று அதிகாரி கருதினால் விசா மறுக்கப்படும். எச்-1பிக்கு அந்த விதி பொருந்தாது. தற்காலிகமாக வேலை செய்துகொண்டே கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற இரட்டை நோக்கத்தைச் சட்டமே ஏற்கிறது. அமெரிக்காவில் குடியேறும் எண்ணமே குற்றமில்லை என்னும்போது, இன்னொரு நாட்டில் பெற்ற பிஆர் எப்படித் தடையாகும்? ஊரில் உறவினர்கள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையின் அன்பு எனக்குப் புரிந்தது என்றாலும், சட்டத்தின் பார்வையில் அது சரியில்லை.

இதை மறைத்துவிடுமாறு சிலர் சொல்வார்கள். அதைக் கேட்கவே கூடாது. விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், உங்கள் குடியுரிமை நாட்டைத் தவிர வேறு ஒரு நாட்டின் நிரந்தரக் குடியிருப்பாளரா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அங்கே பொய் சொல்வது, தடையே இல்லாத ஒரு விஷயத்துக்காக நிரந்தரத் தடையைத் தேடிக்கொள்வதாகும். தவறான தகவல் கொடுத்து விசா கோரியவர் என்ற முத்திரை ஆயுள் முழுவதும் தொடரும். அமெரிக்காவும் கனடாவும் எல்லைத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் என்பதையும் மறக்கக் கூடாது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் பொதுவான படிகள், ஆங்கிலத் தேர்வு, கல்விச் சான்று மதிப்பீடு, மதிப்பெண் கணக்கு எல்லாம் பலரும் விளக்கியவைதான். எச்-1பியில் இருப்பவருக்கு மட்டும் உரிய சிக்கல், நிறுவனத்திடம் கேட்க வேண்டிய பணிக் கடிதம். கனடா கேட்கும் கடிதத்தில் பதவி, பணிக்காலம், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, சம்பளம், முதன்மையான பொறுப்புகள் அனைத்தும் இருக்க வேண்டும். இதே நிறுவனம்தான் அடுத்த சில மாதங்களில் எச்-1பி நீட்டிப்பு மனுவையும் போட வேண்டியிருக்கும். வெளியேறப் போகிறவர் என்று எண்ணி நீட்டிப்பில் அக்கறை குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் கடிதத்தைக் கேட்கவே தயங்குகிறார்கள். நான் என் மேலாளரிடம் நேரில் பேசினேன். வேலையை விடும் எண்ணம் இல்லை, மகளின் எதிர்காலத்துக்காக ஒரு பாதுகாப்பு தேடுகிறோம் என்பதை அப்படியே சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். எல்லா மேலாளர்களும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மனிதவளத் துறை கடிதம் தராவிட்டால், மேலாளரோ மூத்த சக ஊழியரோ எழுதும் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள் இவற்றோடு காரணத்தை விளக்கும் ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

கடிதத்தில் எழுதப்படும் பொறுப்புகள் கனடாவின் தொழில் வகைப்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, செய்யாத வேலையைச் செய்ததாக எழுதக் கூடாது. எச்-1பி மனுவில் அதே வேலை ஏற்கெனவே விரிவாக விவரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் ஒரே மனிதரின் ஒரே வேலை என்று தெரிய வேண்டும். நாங்கள் பழைய எச்-1பி மனுவின் நகலை நிறுவன வழக்கறிஞரிடமிருந்து வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடிதத்தின் வரைவை எழுதினோம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தெரிவாகி, பிஆருக்கு விண்ணப்பிக்குமாறு அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்தையும் பதிவேற்ற 60 நாட்கள்தான் தருகிறார்கள். கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும் என்பதால், எஃப்பிஐயின் கைரேகைச் சான்று, இந்தியாவின் காவல்துறைச் சான்றான பிசிசி ஆகிய இரண்டையும் முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது.

இனி வரிசைக்கு வருகிறேன். மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்கே செல்லும். கனடா ஒப்புதல் தரும்போது, எந்தத் தேதிக்குள் வந்து இறங்க வேண்டும், அதாவது பிஆராக முதன்முறை நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தப் பரிசோதனைத் தேதியையோ பாஸ்போர்ட்டின் காலாவதியையோ ஒட்டியே முடிவாகிறது. அந்தத் தேதியைப் பொதுவாக நீட்டிப்பதில்லை. மறுபக்கம், எச்-1பி நீட்டிப்பு மனுவை முந்தைய காலம் முடிவதற்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்துதான் போட முடியும். மனு நிலுவையில் இருக்கையில் பழைய காலம் முடிந்தாலும் அதே நிறுவனத்தில் 240 நாட்கள் வரை வேலையைத் தொடரலாம், ஆனால் அந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியே சென்றால் திரும்பி வருவதில் சிக்கல்கள் உண்டு. ஆகவே கனடா கொடுக்கும் கடைசித் தேதியும் நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும் மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் காரியத்தின் உயிர்நாடி.

என் 6 ஆண்டுகள் 2023 செப்டம்பரில் முடிய இருந்தன. வழக்கறிஞரின் ஆலோசனைப்படி, ஏப்ரலிலேயே பிரீமியம் முறையில் நீட்டிப்பு மனுவைப் போட்டோம். அந்த முறையில் கூடுதல் கட்டணம் உண்டென்றாலும் சில வாரங்களில் பதில் கிடைத்துவிடுகிறது. மனைவிக்கும் மகளுக்கும் எச்-4, அதாவது எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான நிலையின் நீட்டிப்பு தானாக வராது. ஐ-539 என்ற தனி மனு வேண்டும், பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. இந்த நேரத்தில்தான் கனடா பிஆர் விசாவை ஒட்டுவதற்காக எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே செய்யும் நீட்டிப்புக்குப் பாஸ்போர்ட்டின் நகல் போதும் என்பதால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. மூவரின் ஒப்புதலும் கைக்கு வந்த பிறகே கனடாவில் இறங்கும் பயணத்தைத் திட்டமிட்டோம்.

அந்தப் பயணத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. என் பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசா 2020-லேயே காலாவதியாகியிருந்தது. கொரோனா காலத்தில் ஊருக்குப் போய்ப் புதுப்பிக்க முடியவில்லை. விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கானது, தங்கும் உரிமையைத் தருவது, எந்தத் தேதிவரை இருக்கலாம் என்று குறிக்கும் ஐ-94 பதிவு. இந்த வேறுபாட்டால், விசா காலாவதியானாலும் அமெரிக்காவில் என் நிலை சட்டப்படியே இருந்தது. ஆனால் எல்லையைத் தாண்டினால் திரும்பி வருவது எப்படி? கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் சென்று 30 நாட்களுக்குள் திரும்புகிறவர், செல்லுபடியாகும் ஐ-94 வைத்திருந்தால், காலாவதியான விசாவோடே திரும்ப அனுமதிக்கும் தானியங்கி மறுமதிப்பு என்ற விதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினோம். கவனிக்க வேண்டியது ஒன்று: அதே பயணத்தில் கனடாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். விசா கிடைக்கும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். கனடாவில் இறங்குவதையும் விசா ஸ்டாம்பிங்கையும், அதாவது தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவதையும், ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு வருகிறது. அதைத் தவிர்ப்பது நல்லது.

மிச்சிகனின் டெட்ராய்ட்டிலிருந்து அம்பாசடர் பாலத்தைக் கடந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் உள்ள வின்சரில் இறங்கினோம். பின்னால் கொண்டுவரப்போகும் பொருள்களின் பட்டியலை அன்றே அதிகாரியிடம் பதிவு செய்தோம். அப்போது செய்யாவிட்டால், பின்னாளில் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரும்போது சுங்க வரிப் பிரச்சினை வரலாம். பிஆர் கார்டு கனடா முகவரிக்கு மட்டுமே தபாலில் வரும், 180 நாட்களுக்குள் முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்கார்பரோவில் வாழும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் தம் வீட்டு முகவரியைத் தந்து உதவினார். சில வாரங்கள் கழித்து, "தம்பி, உங்கட கார்டு மூண்டும் வந்திட்டுது, பத்திரமா வச்சிருக்கிறன்" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

திரும்பும்போது ஐ-797 ஒப்புதல் அறிவிப்பையும் ஐ-94 அச்சுப் பிரதியையும் கையில் வைத்திருந்தோம். எல்லை தாண்டிய ஒவ்வொரு முறையும் ஐ-94 பதிவை இணையத்தில் திறந்து தேதியைச் சரிபார்ப்பது அவசியம். பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாகுமானால், எச்-1பி ஒப்புதல் எவ்வளவு நீண்டிருந்தாலும், நுழையும்போது கொடுக்கும் ஐ-94 பெரும்பாலும் பாஸ்போர்ட் தேதியோடு நின்றுவிடும். என் சக ஊழியர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது. தக்க சமயத்தில் பார்த்ததால் அவர் நிலை பறிபோகாமல் தப்பியது.

2024 தொடக்கத்தில் சென்னையில் விசா ஸ்டாம்பிங் முடித்தோம். டிஎஸ்-160 படிவத்தில் கனடா பிஆர் என்பதை எழுதியிருந்தேன். நேர்காணலில் அதிகாரி அதைப் பற்றிக் கேட்டார். வேலை மிச்சிகனில் தொடர்கிறது, பிஆர் குடும்பத்தின் நீண்டகாலப் பாதுகாப்புக்காக எடுத்தது என்று சொன்னேன். அதற்கு மேல் கேள்வி எழவில்லை. 221(ஜி) என்று கூடுதல் பரிசீலனைக்கு நிறுத்தியிருந்தால், பாஸ்போர்ட் கையில் திரும்பும் பட்சத்தில் பிஆர் கார்டைக் கொண்டு டொரண்டோவுக்குப் போய்க் காத்திருக்கலாம் என்ற ஒரு மாற்று வழி எங்களுக்கு இருந்தது. ஊரில் மாதக்கணக்கில் சிக்கி வேலையை இழந்தவர்களை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

பிஆர் என்பது அலமாரியில் பூட்டி வைக்கும் பத்திரம் அன்று. ஒவ்வொரு 5 ஆண்டுக் காலத்திலும் 730 நாட்கள் கனடாவில் இருந்தாக வேண்டும். கனடியக் குடிமகனான வாழ்க்கைத் துணையோடு வெளிநாட்டில் வாழ்வது, கனடிய நிறுவனம் முழுநேர ஊழியராக வெளிநாட்டுக்கு அனுப்புவது போன்ற சில விலக்குகளைத் தவிர இதற்கு மாற்றில்லை. இறங்கிவிட்டுத் திரும்பியவர் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வெளியே இருக்கலாம், நான்காம் ஆண்டின் தொடக்கத்திலாவது குடியேறியாக வேண்டும். 2023-ல் இறங்கிய எங்களுக்கு 2026 கோடைதான் எல்லை. அதுவரை காத்திருக்காமல் 2025 கோடையில் வின்சருக்குக் குடிபெயர்ந்தோம். நான் டெட்ராய்ட் பகுதியிலுள்ள அதே அலுவலகத்துக்கு எச்-1பியில் தினமும் போய் வருகிறேன். மிச்சிகனில் எச்-4 வேலை அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த என் மனைவிக்கு, வின்சரில் யாருடைய அனுமதியும் இல்லாமல் வேலைக்குப் போக முடிந்தது. இந்த முடிவில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது அதுதான்.

தினமும் எல்லை தாண்டுகிறவர் இரு நாடுகளும் நாட்களை எண்ணும் விதத்தை அறிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் சிறிது நேரமே கனடாவில் இருந்தாலும் கனடா அதை முழு நாளாக எண்ணிக்கொள்ளும், ஆகவே இரவு வின்சரில் உறங்கி எழுந்து வேலைக்குப் போகும் நாட்களும் 730-ல் சேரும். அமெரிக்காவிலோ, முழுமையாக 24 மணி நேரமும் வெளியே கழிந்த நாட்களை மட்டுமே எச்-1பியின் 6 ஆண்டுக் கணக்கிலிருந்து மீட்டுக்கொள்ள முடியும். ஐ-140 ஒப்புதல் இல்லாதவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். எல்லைப் பதிவுகள் இருந்தாலும் போய்வரும் தேதிகளை நாமே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது.

கனடாவின் பிஆர் அமெரிக்காவுக்குள் நுழையும் உரிமை எதையும் தருவதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கனடியக் குடிமக்களுக்கு உள்ள விசா விலக்கும், டிஎன் என்னும் தனி வேலை அனுமதி வகையும் பிஆர் பெற்றவருக்குக் கிடையாது. டெட்ராய்ட்டில் இருக்கும் நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போவதானாலும் என் மனைவிக்கும் மகளுக்கும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா வேண்டும்.

வரி விஷயத்தில் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த கணக்காளரை முதல் ஆண்டிலேயே அமர்த்த வேண்டும். வெறுமனே இறங்கித் திரும்பியதால் மட்டும் கனடாவின் வரிக் குடியிருப்பாளராகிவிடுவதில்லை. குடும்பமும் வீடும் அங்கே அமையும்போது உலக வருமானம் முழுவதும் கனடாவின் கணக்கில் வரும். அமெரிக்காவில் கட்டிய வரிக்கு ஈடு கிடைக்கும். கனடாவில் குடியிருந்து தவறாமல் வேலைக்கு வந்துபோகும் நாட்களை அமெரிக்கா வரிக் குடியிருப்புக்கான நாள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், தாக்கல் செய்யும் படிவமே மாறிவிடக்கூடும். வின்சர் வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி எனக்குக் கிடைத்தும் அதை ஏற்கவில்லை. எச்-1பி மனுவில் உள்ள பணியிடம் மிச்சிகன். கனடா மண்ணில் செய்யும் வேலை நிறுவனத்துக்கே அங்கு சம்பளவரிக் கடமைகளை உண்டாக்கலாம்.

2025 செப்டம்பரில் விதிகள் பெரிதும் மாறின. செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும், செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாதவர்களுக்காகப் போடப்படும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்ற அதிபர் ஆணை வந்தது. உள்ளே இருந்துகொண்டு கேட்கும் நீட்டிப்புக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கினார்கள். வின்சரில் வாழும் எனக்கு இந்த உள்ளே, வெளியே என்பதே பெரிய கேள்வியானது. தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோருபவர் மனு பதிவாகும் நாளில் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும் என்பது முன்பே உள்ள விதி. ஆகவே அடுத்த நீட்டிப்பைப் பிரீமியம் முறையில் போட்டு, மனு பதிவான நாளிலிருந்து ஒப்புதல் வரும்வரை மிச்சிகனின் ட்ராய் நகரில் நண்பர் வீட்டில் தங்கினேன். குடும்பத்தைப் பாலத்துக்கு அப்பால் விட்டுவிட்டு இருந்த அந்த வாரங்கள் கடினமாகவே இருந்தன. ஆனாலும் என்னைப் போன்ற நிலையில் உள்ள எவருக்கும் இதையே பரிந்துரைப்பேன். இப்போது கனடாவுக்கு முழுமையாகப் போய்விட்டுப் பிறகு எச்-1பிக்குத் திரும்பலாம் என்று எண்ணுகிறவர்கள், முன்பு எளிதாயிருந்த அந்த வழி இந்தக் கட்டணத்தால் அடைபட்டிருக்கலாம் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விலகிப் போனாலும் ஒப்புதலான ஐ-140-இன் முன்னுரிமைத் தேதி பொதுவாக உங்களோடு இருக்கும், அது வேறு விஷயம்.

இனி எனக்கு எஞ்சியிருப்பது விசா ஸ்டாம்பிங். தற்காலிக விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்கள் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். நேர்காணல் இல்லாத புதுப்பிப்பு எச்-1பிக்கு ஏறத்தாழ இல்லாமல் போயிற்று. இந்த மாற்றத்துக்குப் பிறகு, மிச்சிகனில் வாழ்ந்துகொண்டு பிஆர் கார்டை மட்டும் நீட்டி டொரண்டோவில் விண்ணப்பிப்பது சரியாக இராது, ஏனெனில் அங்கே வசிப்பதைக் காட்ட வேண்டும். உண்மையிலேயே வின்சரில் வசிப்பதால் எங்களுக்கு டொரண்டோ பொருத்தமான இடம். வாடகை ஒப்பந்தம், ஒன்டாரியோ மருத்துவ அட்டை, கனடா வருவாய்த் துறையின் வரி மதிப்பீட்டு அறிவிப்பு, மகளின் பள்ளிப் பதிவு, மூவரின் பிஆர் கார்டுகள், புதிய ஐ-797, அண்மைச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். புது விசா பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கைக்கு வரும்வரை எல்லை தாண்ட முடியாது என்பதால், அந்த நாட்களுக்கு அலுவலகத்தில் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.